படகில் கோமுகி கண்ட மயில்வாகனம்

மயில்வாகனத்தைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லப்போவதில்லை. தறிக்காரர் வீட்டில் பிறந்துவிட்டு, தறிக்குழியில் கால் விட்டு உட்காருவது பாதி உடம்புக்கு முன்கூட்டியே சமாதி கட்டுவது என்று சொன்ன மனிதர். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை மன்னிக்கலாம் என்று ஒரு சமயம் தோன்றியது. அவரோ அதையே டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் சொல்லிச் சொல்லி நைந்துபோக வைத்துவிட்டார்.

பட்டு நெய்கிற ஊரில் நைலான் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தார். உள்ளே பனியன் தெரியும், பாக்கெட்டில் சிகரெட் பெட்டி தெரியும். அதற்குத்தான் நாகரிகம் என்று பெயர் வைத்திருந்தார். முதலில் ஒரு ஜவுளிக்காரரிடம் டிரைவர். பிறகு யாரைப் பிடித்தாரோ, சென்னைக் கார் கம்பெனி ஒன்றுக்குக் காஞ்சிபுரம் ஏஜென்ட் ஆகிவிட்டார்.

ஏஜென்ட் என்றால் கார் விற்கிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. அப்போது காரை யாரும் விற்க வேண்டியிருக்கவில்லை. பதிவு செய்துவிட்டு, பிள்ளைக்குப் பால்பல் முளைத்து விழுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். காத்திருப்பவர்களிடம், "வந்துக்கினே இருக்குதுங்க" என்று சொல்வதுதான் ஏஜென்ட் உத்தியோகம். வீட்டு வாசலில் கார் படம் போட்ட பெரிய தகரப் போர்டு. அதன் கீழே நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்துகொள்வார். நாலு கடை வைத்திருக்கிற முதலாளிகள் எதிரே நின்றுகொண்டு பேசுவார்கள். கமிஷனைவிட அந்த நிற்றல்தான் அவருக்கு ருசித்தது.

அறுபத்தொன்பதாம் வருஷம் கம்பெனிக்குப் புத்தி கெட்டது. கேட்கிறவர்களுக்குக் கார் கொடுக்க வக்கில்லாத கம்பெனி, யாரும் கேட்காத உல்லாசப் படகு செய்யக் கிளம்பியது. எந்தெந்த ஊரில் விற்கலாம் என்று தேசப்படத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார்கள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே திருமுக்கூடல். மூன்று ஆறுகள் கூடும் இடம். படத்தில் மூன்றும் நீல மசியில் கூடின. நேரில் போய்ப் பார்த்திருந்தால் மூன்று மணல்கள் கூடுவதைப் பார்த்திருப்பார்கள்.

பொங்கலுக்குள் ஒரு படகாவது விற்காத ஏஜென்டிடமிருந்து போர்டைக் கழற்றிக்கொள்வோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. மயில்வாகனத்துக்குச் சோறு இறங்கவில்லை. அவர் மனைவி அம்சவேணிதான் சிரித்தாள்.

"ஏன்யா, பாலாத்துல எறங்கி நடந்தா செருப்புல மண்ணு ஏறுது. இதுல எங்க போய் படகு வுடப்போற? அண்டாவுலயா?"

"வியாபாரம் உனக்கு இன்னா தெரியும்? படகு வாங்குறவனுக்குக் காரு மொதல்ல. அப்பிடின்னு எடுத்துவுட்டா ஓடியாருவான் பாரு."

கம்பெனி சொல்லாத சலுகை அது. இவராக இட்டுக்கட்டியது. ஆனால் அவர் நினைத்தபடியே ஒருவர் வந்தார். பட்டுக்கடை கலியாணசுந்தரம். காருக்காக வெகுகாலம் நின்று நின்று கால் கடுத்துப்போனவர்.

"படகை வச்சிக்கினு நான் இன்னாபா பண்றது?"

"கடை வாசல்ல நிறுத்துங்க மொதலாளி. ஜில்லாவுல யாராண்ட இருக்குது?"

கலியாணசுந்தரம் யோசித்தார். கடை வாசலில் படகு. எதிர்க்கடைக்காரன் வயிறு எரிவது அவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. "தண்ணில ஓட்டிக் காட்டு. எம் பொஞ்சாதி சரின்னா எனக்கும் சரி" என்றார்.

அந்தக் கார்த்திகையில் மழை ஊற்றி, பக்கத்துக் கிராமமான மாகறலில் ஏரி நிரம்பியது. படகு ஒரு வண்டியில் ஏறிச் சென்னையிலிருந்து வந்தது. கூடவே கம்பெனி இன்ஜினியர் ஒருவர், படகு ஓட்ட டிரைவர் சிட்டிபாபு. வேடிக்கை பார்க்க எங்கள் தெருவில் பாதிப்பேர் சைக்கிளில் போனோம். மாகறல் ஜனம் முழுவதும் கரையில் இருந்தது.

புது வண்டிக்குப் பூஜை போடாமல் எடுக்கலாமா? படகுக்கு மாலை, சந்தனம், குங்குமம். எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்றுதான் ஒரு குழப்பம். படகுக்குச் சக்கரம் கிடையாது. அதை ஏற்றி வந்த வண்டிச் சக்கரத்தின் கீழே வைத்து நசுக்கினார்கள். கலியாணசுந்தரத்தின் மனைவி தையல்நாயகி, சாதாரணப் பூஜை போதாது, குடத்தால் அபிஷேகம் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டாள். மாகறல் கோயில் குருக்கள் குடம் குடமாக ஊற்றினார். கொஞ்சம் பாலும் ஊற்றினார். எல்லாம் படகுக்குள்ளேயே தேங்கியது. சிட்டிபாபு பின்பக்கம் போய், அடியிலிருந்த ஒரு திருகு மூடியைக் கழற்றினான். பாலும் தண்ணீருமாக ஒரு தாரை, மெலிசாக, வளைந்து விழுந்தது.

"அசல் கோமுகின்னா இருக்கு!" என்றார் குருக்கள்.

தையல்நாயகி கை நீட்டி அந்தத் தாரையைப் பிடித்துத் தலையில் தெளித்துக்கொண்டாள். கோயிலில் கருவறையின் வடபுறம் அபிஷேக நீர் விழும் கோமுகியில் செய்வதைப் போலவே. அவளைப் பார்த்து இன்னும் பத்துப் பெண்கள் கை நீட்டினார்கள். மயில்வாகனம் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பார்.

"கோமுகியேதாம்மா! கம்பெனிக்காரங்க எல்லாம் முறைப்படி வச்சிதான் செய்யறாங்க. சும்மா இல்ல!"

தையல்நாயகி அந்த ஓட்டைக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாள். "எடுத்துடலாங்க, நல்ல வண்டி" என்று புருஷனிடம் சொன்னாள். மயில்வாகனத்தின் முகத்தில் போர்டு பிழைத்துவிட்ட களை வந்தது.

சிட்டிபாபு மூடியோடு வந்தான். "கொஞ்சம் நவுருங்க, மாட்டிடறேன்."

"இன்னாத்த மாட்டற?"

"இத்த மூடணுங்க."

"கோமுகிய எவனாச்சும் அடைப்பானாடா? அதுவும் பொட்டு வச்ச கையோட, பார்ட்டி எதிர்லயே? குடு இங்க!" மூடியைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"அப்ப நான் ஏற மாட்டேன்."

"ஏறாத. ஸ்டியரிங்கு இருக்குதுல்ல, எனக்குப் போதும்."

இன்ஜினியர் அப்போது மதகடியில் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லச் சிட்டிபாபு கரையோடு ஓடினான். ஏரிக்கரை நீளமானது. அதற்குள் ஆட்கள் படகைத் தண்ணீரில் தள்ளிவிட்டார்கள். மயில்வாகனம் ஓட்ட, கலியாணசுந்தரமும் தையல்நாயகியும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

ஓடிக்கொண்டிருந்தவரை ஒன்றும் இல்லை. வேகத்தில் முன்பக்கம் தூக்கிக்கொண்டு போனது, ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறவில்லை. கரை கைதட்டியது. மயில்வாகனம் ஒரு கையை எடுத்து எங்களுக்கு ஆட்டினார், ஏரியையே நெய்து முடித்தவரைப் போல. மதகுக்கு எதிரே வந்ததும் போட்டோவுக்காக நிறுத்தினார். நின்ற படகுக்குள் கோமுகி வழியாகத் தண்ணீர் வந்தது. அலறவில்லை, அடிக்கவில்லை. விருந்தாளி மாதிரி வந்து உட்கார்ந்தது.

"மயிலு, காலு நனையுதுபா" என்றார் கலியாணசுந்தரம்.

"அது தீர்த்தங்க மொதலாளி."

தீர்த்தம் முழங்காலுக்கு ஏறியது. இடுப்புக்கு ஏறியது. படகு மெல்லப் பின்பக்கமாக அமர்ந்தது. நல்லவேளை, அங்கே ஆழம் மார்பளவுதான். முதலாளியும் அம்மாவும் சேற்றில் நின்றார்கள். பொன்னியம்மாள் என்ற மாகறல் கிழவி கரையிலிருந்து கத்தினாள்: "யோவ்! எங்க எருமைங்ககூட முழுகாத எடம்யா அது!"

கைகோத்துக் கரையேற்றினார்கள். இன்ஜினியர் ஓடி வந்தார். "மூடி எங்கே? மூடி போட்டீங்களா இல்லையா?"

"மூடியா? அப்பிடி எதுவும் நீங்க குடுக்கலியே. கம்பெனி ஃபால்ட்டுங்க இது" என்றார் மயில்வாகனம்.

நனைந்த நைலான் சட்டை அவர் மார்போடு ஒட்டியிருந்தது. பாக்கெட்டில் பித்தளை மூடி, அதன் திருகு மரை உட்பட, எல்லோருக்கும் தெரிந்தது. இன்ஜினியர் இரண்டு விரலால் அதை எடுத்துக்கொண்டார். கலியாணசுந்தரம் வேட்டியைப் பிழிந்துகொண்டே, "காரும் வாணாம், ஒரு மயிரும் வாணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பொங்கல் வரை கம்பெனி காத்திருக்கவில்லை. மறுவாரமே ஏணியோடு இரண்டு பேர் போர்டைக் கழற்ற வந்தார்கள். இவர் நாற்காலியை விட்டு எழவில்லை. அவரை ஒட்டியே ஏணி சாத்த வேண்டியிருந்தது.

"எழுந்து வழி வுடேன்யா. மானம்தான் ஏரியோட போச்சு, நாக்காலியாவது மிஞ்சட்டும்" என்றாள் அம்சவேணி.

அவர் அவளைப் பார்க்கவில்லை. மேலே ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தவனிடம் கேட்டார்: "அடுத்து கம்பெனில இன்னா செய்யப்போறாங்களாம்?"

"ஸ்கூட்டருன்னு பேசிக்கிறாங்க."

"அதுலயாச்சும் ஓட்டை எதுவும் வைக்காம செய்யச் சொல்லுபா" என்றார் மயில்வாகனம். "நம்ம ஜனங்களுக்கு வெவரம் பத்தாது."