பேர் இல்லாத பச்சைப் புள்ளி

நம்பினா நம்புங்க, நம்பாட்டி விடுங்க. இதுல நான் கூட்டிச் சொன்னதும் இல்ல, குறைச்சுச் சொன்னதும் இல்ல. நடந்தது என் வீட்டுக்காரருக்கு. பேய் பிசாசுன்னு யாராவது பேச்செடுத்தாலே எழுந்து போயிடுற மனுஷன். அவரே என்னை உக்கார வச்சு, முகம் வெளுத்துப்போய்ச் சொன்னதைத்தான் உங்ககிட்ட சொல்றேன்.

அவர் ஒரு தொழிற்சாலை ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். அங்கே விக்கி ஒண்ணு வச்சிருக்காங்க. எந்த மெஷினை எப்படிக் கழட்டணும், எந்தத் தொட்டியை எப்படிக் கழுவணும்னு ஆளாளுக்குத் தெரிஞ்சதை எழுதி, தப்பு இருந்தா அடுத்தவங்க திருத்துற பக்கங்கள். மேனேஜருக்குத் திடீர்னு ஒரு ஆசை. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓரமா ஒரு சாட் வேணும். படிக்கிறவனுக்குச் சந்தேகம் வந்தா அங்கேயே கேட்கணும், உடனே பதில் வரணும். பக்கத்தை யார் யார் திறந்து வச்சிருக்காங்கன்னு பேரோட பச்சைப் புள்ளி தெரியணும். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முடிச்சிடுங்க"ன்னுட்டுப் போயிட்டாராம். சொல்றவங்களுக்கு என்ன, வாய்தானே வலிக்கும்.

மறுநாள் இவர் ஆபீஸுக்குச் சீக்கிரமே கிளம்பிப் போயிட்டார். எழுதி வச்சிருந்த சாட்டைச் சோதிச்சுப் பார்க்கிறதுக்கு யாரும் எட்டிப் பார்க்காத பக்கமா ஒண்ணைத் திறந்தார். நாலாம் தொட்டிக்குள்ள இறங்குற முறை. அந்தத் தொட்டியைக் கழுவுறதே எப்பவோ ஒரு தடவைதான். திறந்தா, ஓரத்துல ரெண்டு பச்சைப் புள்ளி.

ஒண்ணு இவர் பேர். இன்னொண்ணுக்குப் பேரே இல்ல.

இவர் சிரிச்சிருக்கார். அவங்க தொழில்ல இதுக்குப் பேரே பேய்தானாம். ஆள் வெளியே போனப்புறமும் இணைப்பு அறுபடாம நின்னுட்டா, அந்தப் புள்ளி மட்டும் சும்மா உக்காந்திருக்குமாம். உடனே எனக்கு போன்.

"சாட்ல ஒரு பேய் உக்காந்திருக்கு. அதை ஓட்டிட்டுத்தான் மத்த வேலை."

"அதுகிட்டயாவது எரிஞ்சு விழாம பேசுங்க"ன்னேன்.

"சரி சரி. தம்பி கிளம்பிட்டானா?"

"இல்ல, எதிர்லதான் உக்காந்து சாப்பிடுறான்."

தம்பின்னா என் கொழுந்தன். எங்களோடதான் இருக்கான். அதே தொழிற்சாலையிலதான் தொட்டி கழுவுற வேலை. அப்பா அம்மா போனப்புறம் இவர் தூக்கி வளர்த்த பிள்ளை. எனக்குத் தலைவலின்னா மாத்திரை எங்கேன்னு கேட்பார். அவனுக்குத் தலைவலின்னா லீவு போட்டுடுவார். அப்படி ஒரு பாசம்.

போனை வச்சுட்டு, சர்வரை மொத்தமா அணைச்சுத் திரும்பத் திறந்தார். புள்ளி அங்கேயே இருக்கு. அதுக்குக் கீழே இப்போ ஒரு வரி.

எழுதிக்கொண்டிருக்கிறார்…

காத்திருந்தார். ஒண்ணும் வரல. அந்த வரி மறைஞ்சுது. திரும்ப வந்துச்சு.

எழுதிக்கொண்டிருக்கிறார்…

கோளாறு எங்கேன்னு பிடிக்கணுமே. அனுப்பாம அழிக்கிறதையும் எனக்குக் காட்டுன்னு நிரல்ல ஒரு வரி சேர்த்தார். பக்கத்துலயே இன்னொரு ஜன்னல் திறந்துச்சு. அதுல மெதுவா எழுத்து விழுந்துச்சு. விரல் மரத்துப்போனவன் தட்டுற மாதிரி.

கா

அழிஞ்சுது.

காத்

அழிஞ்சுது.

காத்து இள்

அதுவும் அழிஞ்சுது.

பட்டப்பகல். சுத்தி நாலு பேர் வேலை பார்க்கிறாங்க, ஒருத்தர் தும்முறார். ஆனா இவருக்கு மட்டும் நெஞ்சு அடைச்சுதாம். சட்டைப் பொத்தானைக் கழட்டிவிட்டார். நாற்காலியில நிலைகொள்ளல. எழுந்தார், உக்காந்தார். எவனோ விளையாடுறான்னு எரிச்சல் வேற.

"யாருங்க?"ன்னு தட்டினார்.

எழுதிக்கொண்டிருக்கிறார்… எழுதிக்கொண்டிருக்கிறார்…

இப்படியே மத்தியானம் நெருங்கிடுச்சு. அந்த நேரம் பார்த்து மேனேஜர் தலையை நீட்டினார். "என்னப்பா, ஆச்சா?"

"ஒரு சின்னக் கோளாறு சார். இதோ எடுத்துடுறேன்."

பேர் இல்லாத இணைப்பு எதுவா இருந்தாலும் அறுத்துவிடுன்னு எழுதினார். பட்டனை அழுத்தினார்.

புள்ளி போயிடுச்சு.

அப்பாடான்னு சாய்ஞ்சார். அப்பதான் அந்த இன்னொரு ஜன்னலைப் பார்த்தார். கடைசியா எழுதினது மட்டும் அழியாம நின்னுச்சு.

காத்து இள்ள அண்ணா

இவர் அதைத் திரும்பத் திரும்பப் படிச்சார். 'ல' போடுற இடத்துல 'ள' போடுறவங்க எத்தனையோ பேர் இருக்கலாம். அப்படிப் போட்டுட்டு, இவரை அண்ணான்னும் கூப்பிடுறவன் ஒருத்தன்தான்.

தம்பிக்கு போன் போட்டார். அடிக்குது… அடிக்குது…

எடுத்தது சூப்பர்வைசர். "தம்பி போன் எங்கிட்ட இருக்கு சார். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாதுல்ல."

"உள்ளேன்னா எங்கே?"

"நாலாம் தொட்டி. இன்னைக்குத் திடீர்னு கழுவச் சொல்லிட்டாங்க. இறங்கிக் கொஞ்ச நேரம் ஆச்சு."

ஓடினார்.

தொட்டி வாய்க்குப் பக்கத்துல காத்து அனுப்புற மெஷின் ஓடுது. சத்தம் நல்லாத்தான் வருது.

குழாய் கழண்டு வெளியே கிடக்கு.

எட்டிப் பார்த்தார். இருட்டு.

"டேய்…"

உள்ளே தொங்கின கயிறை ஆட்டினார்.

"டேய் தம்பி…"

இடுப்புக் கயிறைப் பிடிச்சு நாலு பேரா இழுத்தாங்க. தலை தொங்கி, உதடு நீலம் பாரிச்சு வந்தான்.

மூச்சு இருந்துச்சு.

ஆஸ்பத்திரி வராந்தாவுல இவர் சூப்பர்வைசரை ஒதுக்குப்புறமா கூட்டிட்டுப் போய்க் கேட்டார். "இதுக்கு முன்னாடி அந்தத் தொட்டிக்குள்ள யாராவது செத்திருக்காங்களா? மறைக்காம சொல்லுங்க."

"தொட்டி கட்டின நாள்லேர்ந்து நான் இருக்கேன் சார். அதுல ஒரு உசுரு போனதில்ல."

அப்போ காலையில எழுதினது யாரு? அந்தப் புள்ளி வந்தப்போ தம்பி என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தான். அது எழுத ஆரம்பிச்சப்போ அவன் இன்னும் வீட்டு வாசலைக்கூடத் தாண்டல. என் கண்ணால பார்த்தவ நான்.

சாயங்காலம் தம்பிக்குப் பேச்சு வந்துச்சு. நான் பக்கத்துல இருந்தேன். இவர் அவன் காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். நாங்க யாரும் அவன்கிட்ட சாட்டைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. அவனேதான் சொன்னான்.

"அண்ணி… உள்ளே மூச்சு முட்டினப்போ அண்ணனுக்கு எழுதணும்னு தோணுச்சு. கையில போன் இல்ல. ஆனாலும் எழுதிக்கிட்டே இருந்தேன். எழுத்தே சரியா வரல. அழிச்சு அழிச்சு எழுதினேன். கடைசியா வந்துச்சு. அனுப்பப் போனேன்…"

நிறுத்தினான். தண்ணி கேட்டான். குடிச்சான்.

"அப்போ என் மூஞ்சியில யாரோ கதவை அறைஞ்சு சாத்தினாங்க. யாருண்ணா அது?"

இவர் பதில் சொல்லல.

இன்னைக்கு வரைக்கும் சொல்லல.