சுடாம எறக்குன துப்பாக்கி

பேய் பிசாசுங்கிறதுல எனக்கு நம்பிக்கை கெடையாது தம்பி. சுடுகாட்டு வழியா ஒத்தையில சைக்கிள் மிதிச்சு அரியக்குடி மில்லுக்கு வேலைக்குப் போயிட்டு வந்தவன் நான். இதை நீங்க நம்பாட்டியும் வருத்தமில்ல, நடந்ததை நடந்தபடி சொல்றேன்.

அறுவத்தேழோ அறுவத்தெட்டோ இருக்கும். அப்ப வேட்டைக்கு இப்ப மாதிரி தடை இல்ல. எனக்கும் எங்க பெரியப்பா மகன் வெள்ளைச்சாமி அண்ணனுக்கும் லைசென்ஸ் துப்பாக்கி உண்டு. அண்ணனுக்குப் பொறவியிலேயே பேச்சு வராது. காது நல்லாக் கேக்கும், வாயத் தொறந்தா வெறும் காத்துத்தான். வேட்டைக்கு அது ஒரு கொறையே இல்ல, எல்லாம் கைச்சாடைதான். நாங்க வச்சிருந்த சட்டம் மூணு. காத்து நம்ம மொகத்துல அடிக்கிற மாதிரி உக்காரணும், உக்காந்த எடத்தை விட்டு நகரக்கூடாது, மிருகத்தோட தலை கண்ணுல படாம விசையில வெரல் வைக்கக்கூடாது. இந்தக் கடைசிச் சட்டத்தைத்தான் நான் அன்னைக்கு மீறுனேன்.

கீழச்சிவல்பட்டிக்குத் தெக்க ஒரு கண்மாய். பக்கத்துக் கடலைக் கொல்லையப் பன்னி உழுது போட்டிருச்சுன்னு கூப்பிட்டாக. பொழுது சாயுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னால போனோம். நான் மடைக்கிட்ட உக்காந்தேன், அண்ணன் கரைமேலேயே நடந்து அங்குட்டுக் கோடியில மிச்சத் தண்ணி வழியிற கலுங்குக்குப் போனாக. நடுவுல ரெண்டு பர்லாங்கு இருக்கும்.

கொஞ்ச நேரங்கழிச்சு எனக்கு நாப்பதடி தள்ளி பொதர் அசஞ்சுச்சு. கருப்பா என்னமோ குனிஞ்சு கெடக்கு. தலை தெரியல, கால் தெரியல, மூணு வாரமா வெறுங்கையோட திரும்புன ஆத்தரத்துல பன்னிதான்னு நானா முடிவு பண்ணி, குறி வச்சு, விசையில வெரலும் வச்சிட்டேன்.

பாத்தா பொதருக்கு முன்னால அண்ணன் நிக்கிறாக. நடந்து வந்ததை நான் பாக்கல. அதே காக்கி நிக்கர், அதே துண்டு, ஒரு கைய ஒசத்திக்கிட்டு வாயத் தொறந்தபடி நிக்கிறாக. எனக்குச் சத்தம் ஒண்ணும் கேக்கல. எடத்தை விட்டு வந்து இப்படி நிக்கிறாகளேன்னு கோவம். துப்பாக்கியக் கீழ எறக்கித் தோட்டாவை எடுத்துட்டு நிமிந்தா ஆளைக் காணோம். பொதருக்குள்ளேருந்து கருப்புச் சேலை கட்டுன ஒரு பொண்ணு எந்திரிக்குது, கையில சுள்ளிக்கட்டு.

"கூட வந்தவுக எங்க போனாக?"ன்னு அந்தப் பொண்ணு என்னையக் கேக்குது. "படு படுன்னு அந்தக் கத்து கத்துனாக, பயந்துபோயித் தரையோட படுத்துட்டேன்."

"யாரு கத்துனது?"

"இந்தா, இங்க நின்னாகள்ல, காக்கி நிக்கர் போட்டவுக."

வேற ஊருலேருந்து வாக்கப்பட்டு வந்த பொண்ணு, அண்ணனை அதுக்கு முன்ன பின்ன தெரியாது. நான் கரைமேல ஓடுனேன், அதுவும் பின்னாலேயே வந்துச்சு. கலுங்குக் கல்லுக்குக் கீழ அண்ணன் கெடந்தாக. போனதுமே பாசியில சறுக்கி விழுந்து கணுக்கால் ஒடிஞ்சிருச்சுன்னு சாடை காட்டுனாக. காலு பூசணிக்கா மாதிரி வீங்கியிருந்துச்சு, ஒரு எட்டு வைக்க முடியாது. அந்தப் பொண்ணு நல்லா உத்துப் பாத்து, "இவுகதான்"னு சொல்லுச்சு. அண்ணனுக்குப் பேச்சு வராதும்மான்னு நான் சொன்னேன். அது வந்த வழியே போயிருச்சு.

மாட்டுவண்டியில ஏத்தி, பெறகு பஸ் பிடிச்சு, காரைக்குடி செக்காலையில ஒரு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனேன். ஊருக்குப் புதுசா வந்தவரு, எங்களை யாருன்னு தெரியாது. காலுக்கு மாவுக்கட்டு போட்டு முடிச்சதும் அண்ணன் தொண்டையத் தொட்டுத் தொட்டுக் காமிச்சாக. டாக்டர் வாயத் தொறக்கச் சொல்லி டார்ச் அடிச்சுப் பாத்தாரு.

"தொண்டை புண்ணாயிருக்கு. வலியில ரொம்பக் கத்திட்டாரு போல. நாலு நாளைக்குப் பேச வேணாம்னு சொல்லுங்க"ன்னாரு.

அண்ணன் என்னையப் பாத்தாக. நான் சரிங்கன்னு சொல்லிட்டு மருந்துச் சீட்டை வாங்கிக்கிட்டேன்.