துடைக்கத் துடைக்கக் கூடிய ரைட் எரர்

1. கையோடு வரச் சொன்னார்கள்

சர்வர் டேட்டாவை டேப்பில் நகலெடுக்கும் டேப் டிரைவ் ரிப்பேருக்கு வரும் போன்கள் பெரும்பாலும் சாவகாசமாகத்தான் இருக்கும். பேக்கப் ஓடவில்லை என்றால் யாரும் பதறுவதில்லை. டேட்டா போனால்தான் பதறுவார்கள். ஒரகடத்திலிருந்து அன்று காலை வந்த போன் அப்படி இல்லை. பிரேக் பைப் செய்யும் கம்பெனியின் ஜி.எம். தானே கூப்பிட்டார்.

"சார், இன்னா வேலை இருந்தாலும் போட்டுட்டு வாங்க. சர்வர்ல ஒரு டிஸ்க் செத்துப்போச்சு, இன்னொன்னு இழுத்துக்கினு கிடக்குது. டேப்ல எழுதலாம்னா ரைட் எரர் அடிக்குது."

படப்பையிலிருந்து கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கை ஓட்டிக்கொண்டு போனேன். செத்த டிஸ்க்குக்குப் பதில் புதிது போட்டால் மிச்ச டிஸ்க்குகள் மேல் பாரம் ஏறும். இழுத்துக்கொண்டிருப்பது அதிலேயே போய்விடலாம். அதனால் முதலில் பேக்கப், அப்புறம்தான் டிஸ்க். அந்த சர்வரில் இருந்தவை ஒவ்வொரு பைப்பின் பிரஷர் டெஸ்ட் ரெக்கார்டுகள். அவை இல்லாமல் கார் கம்பெனி ஒரு பெட்டியைக்கூட உள்ளே விடாது. வெளி டிஸ்க்கைச் செருகி எடுக்க வேண்டியதுதானே என்பீர்கள். கார் கம்பெனியின் செக்யூரிட்டி விதிப்படி யூ.எஸ்.பி. எல்லாம் பூட்டு, நெட்வொர்க்கில் வெளியே அனுப்பவும் தடை. டேப்தான் ஒரே வழி.

கம்பெனி கேட்டில் கட்டிய வாழைக்கன்று காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே போனேன். ஒன்றும் தோன்றவில்லை.

சர்வர் ரூமில் சிஸ்டம் அட்மின் ஜெசிந்தா நின்றிருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். பிள்ளைப்பாக்கம் ஹாஸ்டலில் தங்கி, கான்டிராக்டில் வேலை பார்ப்பவர்.

"க்ளீனிங் டேப் போட்டீங்களாம்மா?"

"போட்டேன் அண்ணே. போடப் போட எரர் கூடத்தான் செய்யுது. பழைய பேக்கப் டேப்ப ஒண்ணொண்ணா போட்டுப் பாத்தேன். அதுலயும் அடிக்கி."

பின்னாலேயே வந்த ஜி.எம். எகிறினார். "மெயின்டெனன்ஸ் ஒழுங்கா பண்ணியிருந்தா இது வருமா சார்? இன்னிக்கு பேக்கப் முடியலன்னா இந்தம்மா கான்டிராக்ட் ரின்யூவல்ல நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

ஜெசிந்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒருத்தரை இப்படி நிற்க வைத்துத் திட்டினால் டிரைவ் எழுதத் தொடங்கிவிடுமா?

2. டேப்பில் வந்த மணம்

க்ளீனிங் டேப் என்பது டிரைவுக்குள் இருக்கும் எழுதும் ஹெட்டைத் துடைக்கும் கார்ட்ரிட்ஜ். துடைத்தால் எரர் குறைய வேண்டும், அல்லது அப்படியே இருக்க வேண்டும். கூடினால் எங்கோ கோளாறு. என் பையில் இருந்த க்ளீனிங் டேப்பைப் போட்டேன். அலாரம் விளக்கு அணைந்தது. அவர்களுடைய டேப் ஒன்றை ஏற்றினேன். கொஞ்ச நேரம் ஓடிவிட்டு எரர். மறுபடி துடைத்து, நான் டெஸ்டுக்கு வைத்திருக்கும் டேப்பை ஏற்றினேன். வழவழவென்று ஓடியது. திரும்பவும் அவர்கள் டேப், திரும்பவும் எரர்.

டிரைவ் நல்லாயிருக்கிறது. டேப்தான் அழுக்கைக் கொண்டுவந்து கொட்டுகிறது. புது டிரைவ் மாட்டியிருந்தால் அதையும் பாழாக்கியிருக்கும்.

அவர்களுடைய கார்ட்ரிட்ஜ் ஒன்றின் மூலையில் உள்ள சின்னக் கதவை நகத்தால் தள்ளி, டார்ச் அடித்தேன். உள்ளே சிவப்புத் தூள், ஓரத்தில் காய்ந்த மஞ்சள் பொருக்கு. மூக்கருகே கொண்டுபோனேன். சந்தனம். அவர்களுடைய க்ளீனிங் டேப்பை எடுத்துத் திறந்தேன். அதிலும் குங்குமம். துடைப்பத்துக்கே பொட்டு வைத்திருக்கிறார்கள்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜெசிந்தா சிரிக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

"உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?"

"ஆயுத பூஜைக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன் அண்ணே. எல்லா டேப்பையும் அடுக்கி வச்சுப் பொட்டு வச்சிருக்காங்க. பொறவு மேலாப்புல தொடச்சு உள்ள வச்சிட்டாங்க. நேத்துதான் வெரல்ல செவப்பா ஒட்டிச்சு."

"அப்புறம் ஏன் வாயில கொழுக்கட்டைய வெச்சுக்கிட்டு நின்னீங்க?"

"நான் எப்படிண்ணே சொல்லுவேன்?"

இதில் என்ன கூச்சம் என்று மனசுக்குள் சலித்துக்கொண்டேன்.

3. லைன் நின்றது

பொட்டு வைக்காத டேப் வேண்டும். மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டேன். சேரப்பணஞ்சேரிக்காரர்.

"பிரிக்காத பொட்டி ஒண்ணு ஸ்டோர்ல கீது சார். அத்த யாரும் தொடல," என்று ஓடினார்.

டிஸ்க்கின் மேல் பாரம் குறைய, டெஸ்ட் ரெக்கார்டுகளை சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்த உற்பத்தி லைனை நிறுத்தச் சொன்னேன். ஜி.எம். முகம் சுண்டிப்போனது. ஆனாலும் நிறுத்தினார். இரைந்துகொண்டிருந்த ஷெட் அடங்கிப்போனது சர்வர் ரூம்வரை தெரிந்தது. டிரைவை மறுபடி துடைத்துப் பேக்கப்பைத் தட்டினேன்.

அதன் பிறகு செய்ய ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டிருப்பதுதான். சர்வரில் அந்த டிஸ்க்கின் விளக்கு மஞ்சளில் மினுக்கிக்கொண்டிருந்தது. அது சிவப்பாகிவிட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். ஒருமுறை டேப் ஓட்டம் தயங்கி, பின்னால் போய், மறுபடி முன்னால் வந்தது. ஜெசிந்தா என் சட்டைக் கையைப் பிடித்துவிட்டார். பிடித்தது அவருக்கே தெரியவில்லை. டேப் ஓடியது. இரண்டாவது டேப்பும் நிறைந்து, எழுதியதைச் சரிபார்க்கும் வெரிஃபை முடிந்து, எரர் இல்லை என்று திரையில் வந்தபோது ஷிப்ட் பஸ்கள் வந்து நின்றிருந்தன. இனி டிஸ்க்கை மாற்றலாம்.

ஜி.எம். கேட்டார்: "சரி, இது யார் பண்ண வேலை?"

கார்ட்ரிட்ஜைத் திறந்து காட்டினேன். "பூஜை தப்பில்ல சார். பொட்டு வெச்ச எடந்தான் தப்பு."

ஏகாம்பரம் தலையைச் சொறிந்தார். "டேப்புக்கெல்லாம் நான்தான் சார் வெச்சேன். அந்த க்ளீனிங் டேப்ப மட்டும், இத்தையும் வுட்டுடாதேன்னு நீங்களே எடுத்து வெச்சீங்க."

ஜி.எம். நெற்றியைத் தடவிக்கொண்டார். நான் அத்தோடு விட்டிருக்கலாம். "இந்தம்மாவுக்கு நேத்தே தெரியும் சார்," என்று வாய் தவறிவிட்டது.

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

ஜெசிந்தா முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"எம் பேரு ஜெசிந்தா, சார்."

அவ்வளவுதான் சொன்னார். ஏகாம்பரம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது, கொழுக்கட்டை என்று கேட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது. நான் சொன்னால் அது சர்வீஸ் ரிப்போர்ட். அதையே அவர் சொன்னால் பூஜையைக் குறை சொன்னதாகப் பேச்சு ஊர் சுற்றும். ஜி.எம். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு, "அந்த ரின்யூவல் பேப்பர எடுத்துட்டு வாம்மா," என்றார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எரர் கோடைப் படிக்குமுன், அந்த அறையில் கடைசியாக என்ன நடந்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். தெரிந்தவரால் ஏன் சொல்ல முடியவில்லை என்று பார்ப்பதும் நம் வேலைதான்.

அடுத்த ஆயுத பூஜை முடிந்து சர்வீஸுக்குப் போனேன். ஜி.எம். சந்தனக் கிண்ணத்தோடு சர்வர் ரூம் வாசலிலேயே நின்று, "எங்க வைக்கட்டும், நீயே காட்டும்மா," என்று ஜெசிந்தாவைக் கேட்டாராம். ஏகாம்பரம் சொன்னார். சர்வர் ராக்கின் கண்ணாடிக் கதவில், வெளிப்பக்கமாக, பெரிய பொட்டு இருந்தது. டேப் அலமாரி பூட்டியிருந்தது. சாவி ஜெசிந்தாவின் ஐ.டி. கார்டோடு தொங்கியது.