நான்கு எழுத்து வரைக்கும்

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், ஒரு புடவைக் கடைக்கு மேலே, எங்கள் ஜாவா வகுப்பு நடந்தது. யன்னலால் வந்த உப்புக்காற்றில் கீபோர்ட்டுகள் பிசுபிசுத்தன. ரயில் போகும்போது திரைகள் எல்லாம் ஒருமுறை நடுங்கும். சண்டைக் காலம். காலி வீதியில் பஸ்ஸை மறிக்கும் எந்தச் சென்றியில் எவரை இறக்கிக் கொண்டுபோவார்கள் என்று தெரியாது. அந்த மேல்மாடியில் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. பொருந்தினால் ஒரு வழி, பொருந்தாவிட்டால் மறுவழி. எனக்கு அது பிடித்திருந்தது.

அன்றைய பயிற்சி, இரண்டு சொற்களை எழுத்தெழுத்தாக ஒப்பிடுவது. பூச்சியத்தில் தொடங்கு. இந்த எழுத்தும் அந்த எழுத்தும் ஒன்றா? இல்லையென்றால் ‘வேறு’ என்று சொல்லி நின்றுவிடு. ஒன்றென்றால் அடுத்ததற்குப் போ.

நான் அண்ணாவின் பெயரை எடுத்தேன். இங்கிலீஷில் எழுதினால் ஒரு முழு வரி பிடிக்கும் யாழ்ப்பாணத்துப் பெயர். கொழும்புக்கு வந்த எங்களவர் பலர் செய்ததைத்தான் அவரும் செய்திருந்தார். முதல் நான்கு எழுத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிட்டார். வேலையிடத்தில் அதுதான் பெயர். வாடகை அறைக்காகப் பொலிஸில் பதிந்தபோதும் அதைத்தான் கொடுத்தார்.

“முழுப் பேரையும் வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள சென்றியில நிக்கிறவனுக்கு டியூட்டி முடிஞ்சிடும். பாவமெல்லே?” என்று அண்ணா சிரிப்பார்.

“அப்ப வாலை வெட்டிப்போட்டுத் திரியிறீங்கள்.”

“வால் இல்லாட்டி ஆரும் எட்டிப் பிடிக்கேலாது, எடி.”

ஒரு பக்கம் அந்த முழுப் பெயர், மறுபக்கம் அந்தக் குட்டைப் பெயர். ஓடவிட்டேன். ‘இரண்டும் ஒன்று’ என்றது திரை.

எங்கள் மிஸ் மாளிகாவத்தையிலிருந்து வருகிறவள், என் வயதுதான். என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “சின்னது முடிஞ்சொடன நிண்டுட்டீங்க. மிச்சம் இருக்கிறதப் பாக்கவே இல்லயே. முதல்ல நீளத்தக் கேட்டிருக்கணும்.”

“அது தானாப் பாக்காதா, மிஸ்?”

“கேக்காததுக்கு அது ஏன் பதில் சொல்லப் போகுது?”

திருத்த நினைத்துக் கையை வைக்கும்போது வகுப்பின் ரெலிபோன் அடித்தது. எனக்குத்தான். எங்கள் வீட்டுக்கார அக்கா.

“தங்கச்சி, அண்ணாவை வேலைக்குப் போகேக்க பிடிச்சிட்டாங்களாம். உடன வாங்கோ.”

கணினியை அணைக்கவில்லை. ‘இரண்டும் ஒன்று’ அங்கேயே எரிந்துகொண்டிருந்தது.

பொலிஸ் நிலையத்தில் அக்காதான் சிங்களத்தில் கதைத்தா. ஒருவனைத் தேடுகிறார்களாம். அவனைப் பற்றித் தெரிந்தது அந்த நான்கெழுத்துப் பெயர் மட்டும்தானாம். அண்ணாவின் முழுப் பெயர் வேறு என்று காட்ட அவருடைய பாஸ்போர்ட்டைக் கொண்டுபோயிருந்தோம். சார்ஜன்ட் அதை விரித்து, பெயருக்குக் கீழே விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினார். விரல் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அங்கேயே நின்றது.

“இதுவும் அப்படித்தானே தொடங்குகிறது,” என்றார், மரியாதையாக.

மிச்ச எழுத்துகள் அவருடைய விரலுக்கு அப்பால், எவரும் தொடாமல் கிடந்தன.

அதற்குப் பிறகு வந்த நாட்களை அங்கிருந்த மர வாங்கிலேயே உட்கார்ந்து கழித்தேன். ஒரு காலையில் கான்ஸ்டபிள் ஒருவர் உள்கதவைத் திறந்து அந்தக் குட்டைப் பெயரைக் கூப்பிட்டார். “யன்ன,” என்றார், போ என்று. அண்ணா வெளியே வந்தார். பெல்ட் இல்லை, காற்சட்டையை ஒரு கையால் பிடித்திருந்தார்.

வீட்டுக்கு வந்து நெடுநேரம் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். பிறகு சொன்னார்: “அந்தப் பேரைக் கூப்பிட ரெண்டு பேர் எழும்பினனாங்கள். நான் கதவுக்குக் கிட்ட இருந்தனான்.”

அதற்கடுத்த வகுப்பில் நான் நீளத்தைக் கேட்கும் நிபந்தனையை மேலே சேர்த்தேன். ‘வேறு’ என்றது திரை. மிஸ் தலையாட்டினாள்.

அந்த வாரமே ஒரு பின்னேரம் எங்கள் கேற்றடியில் ஒரு பெண் நின்றாள். கையில் வாழைப்பழச் சீப்பு. மலையகத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் இருக்கிறாளாம். மகன் கொச்சிக்கடையில் சாமான் ஏற்றுகிறவன். மகனின் பெயரைச் சொன்னாள். அதே நான்கு எழுத்துகள். அவனுக்கு அதற்கு மேல் எழுத்தே இல்லை.

“எம்புள்ளைய விட்டாச்சுன்னு ஸ்டேசன்ல சொன்னாங்க. இந்த வீட்டு அட்ரஸக் குடுத்தாங்க. வரச் சொல்லுங்கம்மா.”

அண்ணா வாசலுக்கு வந்தார். அவள் அவரைப் பார்த்தாள். நெற்றி. கண். மூக்கு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தங்கி அடுத்ததற்குப் போனாள். நாடிவரை வந்து, திரும்பவும் நெற்றியிலிருந்து தொடங்கினாள். உள்ளே கேத்தல் கொதித்துச் சத்தம் போட்டது.

“இல்ல,” என்றாள் கடைசியில். குரலில் கோபம்கூட இல்லை.

அண்ணா உள்ளே போய்ச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். “வாங்கோ அம்மா, நான் வந்து சொல்லுறன்.”

“உங்களுக்கென்ன விசரா? திரும்ப உள்ள போட்டாங்களெண்டால்?” என்று நான் கையைப் பிடித்தேன்.

“அவன் எழும்பினதைப் பாத்தது நான் மட்டுந்தான், எடி.”

மூவரும் போனோம். அதே சார்ஜன்ட். அந்தப் பெயரில் உள்ளே ஒருவரும் இல்லை, இருந்தவன் போய்விட்டான் என்றார். அண்ணா தெரிந்த சிங்களத்தில் தடுமாறிச் சொன்னார், போனது நான், இன்னொருவன் இருந்தான், என்னோடு எழும்பினான். சார்ஜன்ட் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீ போயாச்சுதானே? பிறகு ஏன் வந்தாய்?”

தெருவுக்கு வந்தோம். கொட்டாஞ்சேனைப் பக்கம் போகிற பஸ் நின்று புறப்பட்டது. அவள் ஏறவில்லை. வாழைப்பழச் சீப்பு இன்னும் கையில் இருந்தது. அண்ணாவிடம் கேட்டாள், வழி கேட்பதுபோல:

“அப்ப எம்புள்ளைய யாருன்னு சொல்லி உள்ள வச்சிருக்காங்க, தம்பி?”

அண்ணா பிறகும் பலமுறை அவளோடு அலைந்தார். அவன் வரவில்லை.

அண்ணாவுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. முழுப் பெயரைத்தான் எழுதுகிறார். பழைய சிநேகிதர் எவராவது மறந்துபோய் அந்தக் குட்டைப் பெயரால் கூப்பிட்டால் உடனே எழும்பமாட்டார். தலையைச் சற்றுத் திருப்பி, அறையின் மற்ற மூலையைப் பார்ப்பார். மற்றவன் முதலில் எழும்பட்டும் என்று இருப்பார்.