சாயங்காலம் என்று பேர் வாங்கிய என் மாமா

என் அக்கா புருஷனைப் போல ஒரு மந்தமான மனிதரை நான் பார்த்ததே இல்லை என்று அவர்களுக்குக் கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டேன். அவர் முகத்துக்கு நேராகத்தான். "ஆமாம்மா, கொஞ்சம் மந்தம்தான்," என்றார். இப்படிப்பட்ட மாமாவோடு எப்படிச் சண்டை போடுவது?

மூன்று பேருக்கும் ஒரே நாடக அரங்கத்தில்தான் வேலை. அக்கா படுதா வரைகிறவள். மேடையின் பின்னால் தொங்கும் அரண்மனை, தோட்டம், கடைத்தெரு எல்லாம் அவள் கைவண்ணம். பின்கட்டு அறையில் துணியைத் தரையில் விரித்து, பசை கலந்த சாயத்தை வாளியில் கரைத்து, துடைப்பம் நீளத்துக்குப் பிடி போட்ட தூரிகையோடு அதன் மேலேயே வெறுங்காலில் நடந்து நடந்து வரைவாள். படுதா மேடை ஏறும்வரை மாமாவைத் தவிர வேறு யாரையும் அந்த அறைக்குள் விட மாட்டாள். நான் உடை தைக்கிறவள். மாமா விளக்கு. அரங்கத்தின் மாடியில் கோழிக்கூண்டு மாதிரி ஓர் அறை. அதற்குள் விளக்கின் விசைகள், விளக்குக்கு முன்னால் செருகும் கலர் தாள்கள், அவர். அவ்வளவுதான் இடம்.

அரங்கத்தில் அவருக்குப் பேர் 'சாயங்காலம்'. கொஞ்ச காலமாகவே அவர் எந்த நாடகத்துக்கு விளக்குப் போட்டாலும், கதையில் உச்சி வெயில் கொளுத்தினாலும், மேடையில் மட்டும் பொழுது சாய்ந்துகிடக்கும். "என்ன சாயங்காலம், இன்னைக்காவது விடியுமா?" என்று நடிகர்கள் கிண்டல் செய்வார்கள். அவர் சிரித்துக்கொள்வார். அக்கா சிரிக்க மாட்டாள். வீட்டில் சாப்பிட உட்காரும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"நான் உசுரைக் குடுத்து வானம் வரையறேன். இந்த மனுஷன் அது மேல சாக்கடைத் தண்ணியை ஊத்துறார். கட்டின பொண்டாட்டி மேல அப்படி என்ன வன்மம்?"

மாமா தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விடுவார். நான் மட்டும் சும்மா இருப்பேனா? அக்காவோடு சேர்ந்துகொண்டு என் பங்குக்கு நாலு வார்த்தை போடுவேன்.

அப்போதுதான் அந்த ராஜா காலத்து நாடகம் வந்தது. மின்சாரமே இல்லாத காலம், மெழுகுவத்தியும் தீப்பந்தமும்தான். மாமாவுக்குக் கொண்டாட்டம். "அந்தக் காலத்துல எல்லாமே மஞ்சளாத்தான் இருந்திருக்கும் சார்," என்று இயக்குநரிடம் சொல்லி, எல்லா விளக்குக்கும் மஞ்சள் தாளைச் செருகிவிட்டார்.

கடைசிக் காட்சியில், பட்டத்தைத் துறந்த ராணி வெள்ளை உடையில் தோட்டத்தில் வந்து நிற்க வேண்டும். பார்க்கிறவர்கள் கண் கூச வேண்டும் என்றார் இயக்குநர். நான் துணிக்கடை துணிக்கடையாக ஏறி இறங்கி, கழுத்து வலிக்க மடிப்புப் பிடித்துத் தைத்தேன். முழு ஒத்திகையில் ராணி வந்து நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமா! ராணிக்கு மஞ்சக்காமாலையா?" என்று கீழேயிருந்து கத்தினேன்.

"அந்தக் காலத்து வெளிச்சம்மா அது."

"ஏன், அந்தக் காலத்துல வெள்ளைத் துணியே கிடையாதா? தாளை எடுங்க!"

"வேண்டாம்மா. சொன்னாக் கேளு."

அவர் குரல் கெஞ்சியது. அது என் கோபத்தை இன்னும் ஏற்றிவிட்டது. "எடுத்துத்தான் பாருங்களேன்," என்று இயக்குநரும் சொல்லிவிட்டார். தடதடவென்று மாடியேறிப் போய், கைப்பிடிச் சுவரை ஒட்டியிருந்த விளக்குகளிலிருந்து ஒவ்வொரு தாளாக உருவினேன். மாமா தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

ராணி பளிச்சென்று வெள்ளையாக நின்றாள். அவளுக்குப் பின்னால் அந்தி வானம் நீலமாக அலறியது. துணிக்குப் போடும் நீலத்தைப் பாட்டிலோடு கவிழ்த்த மாதிரி. மரம் நீலம், கல்தூண் நீலம். நடிகர்கள் திரும்பிப் படுதாவைப் பார்த்தார்கள்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காதான் முதலில் பேசினாள். "அப்பாடா! இதுதான் நான் வரைஞ்ச வானம். எவ்வளவு சாந்தமா இருக்கு! இப்பவாவது பாத்தீங்களா எல்லாரும்?" சந்தோஷத்தில் கையைத் தட்டினாள்.

மாமாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"உங்கக்காவுக்குக் கண்ணுல புரை," என்றார் மெதுவாக. "கண்ணாடி மாத்தப் போனப்பவே டாக்டர் சொன்னார். கத்தி வைக்க விடவே மாட்டேன்னுட்டா. ஆனா நீலம் மங்கித் தெரியுதுங்கிறது அவளுக்கே தெரியாது. அதான் அள்ளி அள்ளிப் போடுறா. மஞ்சள் வெளிச்சத்துல அது அடங்கிடும்."

"சொல்ல வேண்டியதுதானே மாமா?"

"சொன்னா அன்னைக்கே தூரிகையை வெச்சிடுவா. அப்புறம் அவளை நான் எப்படிப் பாக்கறது?"

கீழே இயக்குநர், வேறு ஓவியர் கிடைப்பாரா என்று யாரிடமோ தணிந்த குரலில் விசாரித்தார். அது அக்கா காதில் விழுந்துவிட்டது. கைதட்டல் நின்றது. எல்லார் முகத்தையும் பார்த்தாள். பிறகு மாடியை அண்ணாந்து என்னைக் கேட்டாள்.

"ஏய், நீ சொல்லுடி. உனக்குப் பொய் சொல்ல வராது. வானம் எப்படி இருக்கு?"

"நீலமாக் கத்துதுக்கா," என்றேன்.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாமா கீழே இறங்கிப் போனார். மந்தமான மனிதர் அன்றைக்குப் படியை இரண்டிரண்டாகத் தாண்டினார். "வேற ஆளெல்லாம் வேண்டாம் சார்," என்றார் இயக்குநரிடம். "சாயத்தை நான் பாத்துச் சொல்றேன். அவளே வரைவா." அதற்கு முன்னால் அவர் யாரிடமும் அப்படிக் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

வரைந்தாள். மாமா வாளிப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் சாம்பல் கலர் போடு... போதும் போதும்," என்று சொல்லச் சொல்ல, வீட்டில் ஒருநாளும் அவர் பேச்சைக் கேட்காதவள் மறுபேச்சில்லாமல் கலந்தாள். நாடகம் நன்றாகவே போனது. அது முடிந்த கையோடு, "வாங்க, டாக்டரைப் பாக்கலாம்," என்று அவளே மாமாவை இழுத்துக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியில் அவர் கையை அவள் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டதாம்.

கண் தெளிந்ததும் பழைய படுதாக்களை ஒவ்வொன்றாக மேடையில் இறக்கச் சொன்னாள். வெள்ளை வெளிச்சத்தில் பார்த்தாள். நீல அரண்மனை. நீலக் கடைத்தெரு. கோதுமை வயல்கூட நீலமாக விளைந்து நின்றது. ஒவ்வொன்றுக்கும் மாமா வாங்கிக் கட்டிக்கொண்ட திட்டு எனக்கே வரிசையாக ஞாபகம் வந்தது.

"அடப்பாவி மனுஷா," என்றாள். "இத்தனையுமா?"

"கழுவிட்டுப் புதுசா வரைஞ்சிடலாம்," என்றார் மாமா.

"கழுவவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். மேல போய் உங்க தாளைச் செருகுங்க. ஜனங்க என்னத்தைப் பாத்தாங்களோ, அதை நான் பாக்கணும்."

அவர் போனார். மஞ்சள் வெளிச்சம் மெல்ல ஏறியது. நீலம் அடங்கி, அரண்மனைக்கு மேலே சாந்தமான ஓர் அந்தி வந்து நின்றது. அக்கா மனதில் நினைத்து வரைந்த வானம் அதுதான். இத்தனை காலமும் மாமாவின் வெளிச்சத்தில், புரை விழுந்த அவள் கண்ணுக்கு அது ஒரு தடவைகூடத் தெரிந்ததில்லை. அவள் அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

"அடுத்ததைப் போடுங்க," என்றாள், மாடியைப் பார்த்து.