உறைந்த ஆற்றில் விறகு பொறுக்கியவன்

காலையில் தண்ணீர் எடுக்க நான் குடத்தோடு கோடாலியும் கொண்டுபோகிறேன். உலகத்தின் வடகோடியில் ஓடும் இந்த யூக்கான் ஆறு ஏழு மாதம் உறைந்து கல்லாய்க் கிடக்கும். இங்குள்ள வெள்ளைக்காரர்களுக்கு வேறு பேச்சே கிடையாது. ஐப்பசியில் ஆறு என்றைக்கு உறையும், சித்திரையில் என்றைக்கு உடையும். எதிரே வருபவனிடம் சாப்பிட்டாயா என்று கேட்கத் தெரியாத ஜனங்கள், பனி எத்தனை சாண் இறுகியிருக்கிறது என்று விசாரிக்கிறார்கள். தண்ணீர்மேல் நடக்கிறாயாமே என்று கடிதத்தில் வாய்பிளக்கும் ராஜபாளையத்துப் பெரியவர்களே, நீங்களும் இவர்களுக்குச் சளைத்தவர்களல்ல. பத்து மாதம் மணல் மட்டுமே கிடக்கும் ஆற்றுக்குப் பாலம் கேட்டு மனுப்போடுகிறவர்கள்தானே நீங்கள்.

மதராஸிலிருந்து கிளம்பிய சர்வேயர் துரையின் மூட்டைகளைச் சுமக்க சேத்தூர்க்காரனான நானும், சமைக்க ஸ்ரீவில்லிபுத்தூர் காசிமும் இங்கே வந்தோம். முதல் ஐப்பசியில் ஆறு உறைந்ததும், அக்கரைவரை ஸ்ப்ரூஸ் மரக்கிளைகளை வரிசையாகப் பனியில் நட்டுவைத்தார்கள். ஆற்றுக்குப் பந்தல் போடுகிறார்களா என்று சிரித்தேன். நம்மூரில் வெள்ளம் வடிந்தபின் மணலில் செருகி நிற்கும் கிளையெல்லாம் முதலில் கைவைத்தவனுக்குச் சொந்தம். என் அக்கா கல்யாணச் சமையலே வெள்ளத்து விறகில்தான் நடந்தது. இவ்வளவு விறகைத் தொடாமல் விட்ட முட்டாள்கள் என்று நினைத்து, காசிம் அக்கரைக்கு மாவு வாங்கப் போயிருந்த மத்தியானம், நடு ஆற்றிலிருந்து இருபது கிளைகளைப் பிடுங்கிவந்தேன். கரையில் குடியிருந்த பழங்குடிக் கிழவர் ஓடிவந்து, கையை ஆட்டி ஆட்டி ஆற்றைக் காட்டினார். பங்கு கேட்கிறாராக்கும் என்று இரண்டு கிளைகளை அவர் முன்னே எறிந்தேன். அவர் அவற்றைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குள் ஓடினார்.

அடியில் நீரோட்டம் பனியை அரித்துவைத்த இடங்களைச் சுற்றிப்போகும் பாதைக்குத்தான் அந்தக் கிளைகள் அடையாளம் என்பது எனக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. கொட்டும் பனியில் வழி தப்பிய காசிம் இடுப்புவரை உள்ளே போய்விட்டான். கிழவர் குப்புறப் படுத்து, நீளக் கழியொன்றை நீட்டி அவனை இழுத்துப்போட்டார். பச்சைக்கிளை புகையப் புகைய எரித்து நான் அவனுக்குச் சூடு காட்டினேன்.

"ஏலே, ஒனக்கு வெறகு பொறுக்க வேற எடமே கெடைக்கலையா?" என்று மட்டும் கேட்டான். அவன் இடது காலில் குளிரில் கருகிப்போன மூன்று விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

சித்திரைக் கடைசியில் ஆறு வெடித்து உடைந்தபோது ஊரே கரையில் நின்று கூத்தாடியது. பனிப்பாளங்கள் போனபிறகு வந்த முதல் ஸ்டீமரிலேயே, நொண்டிச் சமையல்காரன் எதற்கு என்று துரை காசிமை ஏற்றிவிட்டார். துரைகளின் நன்றி அம்புட்டுத்தான்.

"ஊர்ல கேட்டா குளிர்ல போச்சுன்னு சொல்லிக்கிடுதேன். ஒம் பேர இழுக்க மாட்டேன்" என்றான் காசிம்.

இழுத்திருக்க மாட்டான். அதனால் நானே எழுதுகிறேன்: அந்த முட்டாள் நான்தான்.

எப்போது ஊருக்கு வருவாய் என்று கேட்கிறீர்கள். வந்தால், நொண்டிக்கொண்டே வந்து முதலில் என்னைக் கட்டிப்பிடிப்பவன் காசிமாகத்தான் இருப்பான். அதற்கு எனக்குத் தைரியமில்லை. இங்கேயே இருந்துவிடலாமென்றால், என் தலையைக் கண்டதும் கிழவர் வாசலில் கிடக்கும் விறகை அள்ளி உள்ளே வைக்கிறார்.