மண்டியில் எடை போட்ட சூட்கேஸும் மலாவிக்குப் போன கண்ணாடியும்

வெளிநாட்டுக்குப் போகிறவர்களே, சூட்கேஸை மண்டியில் எடை போடாதீர்கள்.

கள்ளக்குறிச்சியிலிருந்து மலாவிக்கு மிஷன் ட்ரிப் போய்விட்டு நேற்றுதான் திரும்பினேன். என்னென்ன எடுத்துப் போகணும் என்று இன்பாக்ஸில் கேட்கும் எல்லோருக்கும் சேர்த்து இந்தப் பதிவு. (தனித்தனியாகப் பதில் போட விரல் ஒத்துழைக்கவில்லை.)

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். எங்கள் சர்ச் சபையிலிருந்து ஆறு பேர் போனோம். அங்கே ஒரு கிராமத்துப் பெரியவர்களுக்குப் படிக்கிற கண்ணாடி கொடுக்கும் வேலை. அந்த ஊர் நர்ஸ் முன்பே எல்லோர் கண்ணையும் பார்த்துப் பவர் அனுப்பிவிட்டார். யாருக்கு எது என்று ஒதுக்கியாகிவிட்டது. ஒன்று குறைந்தாலும் யாரோ ஒருவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார்.

அதனால் லீடர் எஸ்தர் அக்கா ஒரே சட்டம்தான் போட்டார்.

"நீங்க போட்டுக்கினு வர்ற சட்ட காணாப் போனாலும் பரவால்ல. கண்ணாடி ஒண்ணுகூட கொறயக் கூடாது."

சரி, டிப்ஸுக்கு வருவோம்.

புது ஷூவோடு விமானம் ஏறாதீர்கள். எஸ்தர் அக்கா ஒரு சனிக்கிழமை எங்களை மலைமேல் இருக்கும் கரியாலூருக்குக் கூட்டிப்போய் அருவி வரைக்கும் நடக்க வைத்தார். எங்கள் ஆறு பேரில் ஒருவனான டேனியல் புது ஷூ போட்டு வந்தான். திரும்பும்போது ஷூ அவன் கையில் இருந்தது. கொப்புளம் நம் மலையிலேயே வந்துவிடுவது நல்லது.

தலையில் மாட்டுகிற டார்ச், கொசுவலை இரண்டும் கட்டாயம். நம் ஊர் பிளக் அங்கே நுழையாது, அடாப்டரை இங்கேயே வாங்கிவிடுங்கள். கண்ணாடி மாதிரி உடையும் பொருளைத் துணிக்குள் சுருட்டி வையுங்கள்.

இப்போது எடை.

ஆளுக்கு இருபத்து மூன்று கிலோதான் அனுமதி. வீட்டுத் தராசில் சூட்கேஸ் நிற்காது. அதனால் ஆறு பெட்டியையும் எங்கள் தெருமுனை நெல் மண்டிக்குத் தூக்கிப் போனோம். எடை போடுகிற ஏழுமலை அண்ணன் தெரிந்தவர். நம்பர் அவர் பக்கம்தான் தெரியும், அவர் சொல்லச் சொல்ல நாங்கள் எடுத்தோம், வைத்தோம். எல்லாம் சரியாக இருபத்து மூன்று.

ஏர்போர்ட்டைப் பார்த்ததே இல்லை என்று அவரும் வேனில் வழியனுப்ப வந்தார்.

ஏர்போர்ட் கவுன்ட்டரில் இருந்த பெண் பெட்டியை வைக்கச் சொன்னார். "சார், இருபத்தஞ்சு காட்டுது."

அடுத்த பெட்டி, இருபத்தைந்து. ஆறும் இருபத்தைந்து.

வெளியே நின்ற ஏழுமலை அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, இருபத்தி மூணுன்னு தான சொன்னீங்க?"

"ஆமா. சாக்குக்கு ரெண்டு கிலோ கழிச்சிக்கினு தான் சொன்னேன். எப்பவும் அப்டி தான?"

"சாக்கு ஏதுண்ணே? இது சூட்கேசு."

"நெல்லு உள்ள இருக்குது, சாக்கு வெளிய இருக்குது. உங்க சரக்கு உள்ள இருக்குது, பொட்டி வெளிய இருக்குது. இன்னாங்க வித்தியாசம்?"

யோசித்துப் பாருங்கள், பதில் இருக்கிறதா? நான் போனை வைத்துவிட்டேன்.

டேனியல் மெதுவாகச் சொன்னான். "அக்கா, ஒரு டப்பா கண்ணாடிய அவருகிட்ட குடுத்துடலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

"கெடைக்காதவங்களுக்குத் தெரியும்டா," என்றார் எஸ்தர் அக்கா.

பெட்டிகளைத் திறந்தோம். மற்றவர்கள் கொண்டுவர மாட்டார்கள் என்று நினைத்து ஆறு பேரும் ஊறுகாய் கொண்டுவந்திருந்தோம். ஆறும் எலுமிச்சை. என் மனைவி ஷீலா இடித்துக் கொடுத்த பருப்புப்பொடியை எடுக்கும்போது மட்டும் நிஜமாகவே மனசு வலித்தது.

காவலரிடம் கெஞ்சி, வாசலில் வைத்து எல்லாவற்றையும் ஏழுமலை அண்ணனிடம் கொடுத்தேன்.

"நான் பாத்துக்கறேங்க, நீங்க தைரியமா போய்ட்டு வாங்க." (நன்றாகவே பார்த்துக்கொண்டார். ஒரு பாட்டிலும் மீதியில்லை.)

இன்னும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது. இரண்டு பேன்ட், மேலே ஜாக்கெட் என்று மாட்டிக்கொண்டேன். டேனியல் விட்டுவிடலாம் என்ற டப்பாவைப் பிரித்து, ஜாக்கெட் பாக்கெட் முழுக்கக் கண்ணாடி.

பாதுகாப்புச் சோதனையில் பாக்கெட்டைத் தட்டில் கொட்டினேன். அதிகாரி தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எல்லாம் உங்களுதா?"

"ஊருக்குக் குடுக்கறதுங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் விட்டுவிட்டார்.

மலாவியில் கண்ணாடி கொடுத்த முகாமின் கடைசி நாள். வரிசையில் கடைசியாக ஒரு தாத்தா, கூடவே அவர் மனைவி. மீதி இருந்ததும் ஒரே கண்ணாடி. என் ஜாக்கெட்டில் வந்தது. மாட்டிவிட்டேன்.

எழுத்து அட்டையை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. மனைவியின் முகத்தருகே குனிந்து வெகு நேரம் பார்த்தார். டேனியல் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

தாத்தா ஏதோ சொன்னார். நர்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தாத்தா சொன்னதை நர்ஸ் மொழிபெயர்த்தார். (தமிழ் என்னுடையது.) "இன்னாம்மே, இவ்ளோ கெழவி ஆயிட்ட?"

அந்த அம்மா கையை நீட்டினார். தாத்தா கண்ணிலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தன் கண்ணில் மாட்டி, அவரை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

"இந்த மூஞ்சிக்கா இத்தன வருஷம் சோறு ஆக்கிப் போட்டேன்?"

முகாமே சிரித்தது. கண்ணாடியைத் தன் துணியால் துடைத்து அவருக்கே மாட்டிவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

உங்கள் வீட்டில் கடைசியாக எப்போது பவர் பார்த்தீர்கள்? திங்கட்கிழமையிலிருந்து கடையில் இருப்பேன், வாங்க.

கணவன், மனைவி தனித்தனியாக வந்தால் எல்லோருக்கும் நல்லது.